பூஞ்சணத்துக்கு ஒரு வீடு

மாரி பிறந்துவிட்டால் திருகோணமலையில் இல்லத்தரசிகளுக்கு வேலை இரட்டிப்பாகிவிடும். வடகீழ்ப் பருவக்காற்று கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் இறக்கிவைக்கும். அலுமாரியிலுள்ள தோற்செருப்பு வெண்ணிறப் போர்வை போர்த்துக்கொள்ளும். புத்தகத்தின் அட்டையிற் புள்ளிகள் தோன்றும். முந்தநாள் வாங்கிய பாணில் பச்சை படரும். வெங்காயத்தின் மேற்றோலை உரித்தால், உள்ளே கரியைத் தூவியதுபோல் ஒரு கருந்தூள் விரலில் ஒட்டும். ‘பூஞ்சணம் பிடித்துவிட்டது’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அதனை எறிந்துவிடுகிறோம்.

எறிவது சரியே. பூஞ்சணம் படிந்த பாணையோ நிலக்கடலையையோ ‘துடைத்துவிட்டு உண்ணலாம்’ என்று எவரேனும் கூறினால் நம்பற்க. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டுபோயின. அவற்றின் தீனியிற் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலே பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுதான் அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. அந்த நஞ்சே இன்று அபிளாற்றொக்சின் எனப்படுவது.

எனினும், பூஞ்சணங்கள் யாவும் ஒரே குணத்தனவல்ல. வெங்காயத்தில் நாம் காணும் கருந்தூளுக்கு உரிய குலத்தைச் சேர்ந்த அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சணம், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மனிதனுக்கு ஊழியம் செய்து வருகிறது. சர்க்கரைக் கரைசலில் அதனை வளர்த்துச் சித்திரிக் அமிலம் பெறலாம் என்பதை 1917-இல் ஜேம்ஸ் கறி என்பார் காட்டினார். இன்று நாம் அருந்தும் போத்தற் பானங்களிலுள்ள புளிப்பிற் பெரும்பகுதி எலுமிச்சையிலிருந்து வருவதன்று, இப்பூஞ்சணத்திலிருந்து வருவதே. இத்தகைய ஊழியனிடம் இன்னும் நன்றாக வேலை வாங்குவதற்கு அறிவியலார் கண்ட ஒரு வழியைப் பற்றியே இக்கட்டுரையிற் கூற முற்படுகிறோம். அந்த வழி வேறொன்றுமன்று. அதற்கு வசதியான ஒரு வீடு கட்டிக் கொடுப்பதுதான்.

வெளியே சமைத்து உள்ளே உண்பது

நாம் உணவை வாயிலிட்டு விழுங்கிய பின்னரே அது குடலில் முற்றாகச் சமிக்கிறது. பூஞ்சணத்துக்கு வாயுமில்லை, குடலுமில்லை. நூலிழைபோன்ற அதன் உடல், தான் படர்ந்திருக்கும் பொருளின்மேற் சில புரதங்களைச் சுரக்கிறது. அப்புரதங்கள் மாப்பொருளையும் கொழுப்பையும் மரத்தையுங்கூடச் சிறு துணுக்குகளாக வெட்டிவிடுகின்றன. கரைந்து வரும் அத்துணுக்குகளை இழைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. அதாவது, பூஞ்சணம் வெளியே சமைத்து உள்ளே உண்கிறது. வெட்டும் வேலையைச் செய்யும் அப்புரதங்களையே நொதியங்கள் என்கிறோம்.

இந்நொதியங்கள் இன்று எங்கெல்லாம் பயன்படுகின்றன என்பதை எண்ணினால் வியப்பு உண்டாகும். பாண் மாவைப் பதப்படுத்துவது ஒன்று. பழச்சாற்றைத் தெளிய வைப்பது மற்றொன்று. சலவைத் தூளிலிருந்து எண்ணெய்க் கறையை நீக்குவதும் ஒரு நொதியமே. இளைஞர் விரும்பி அணியும் ஜீன்ஸ் துணிக்குப் பழகிய வெளிறல் தோற்றத்தைத் தருவதற்கு முன்னர் கல்லோடு சேர்த்துக் கழுவினர். இன்று செலுலேசு என்னும் நொதியம் அவ்வேலையைச் செய்கிறது. மாப்பொருளைக் குளுக்கோசாக மாற்றுவது குளுக்கோஅமைலேசு. மாப்பொருள் என்பது குளுக்கோசு மணிகள் கோத்த நீண்ட மாலை. அம்மாலையின் நுனியிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதே இந்நொதியத்தின் தொழில்.

பூஞ்சணத்திலிருந்து நொதியம் எடுத்து விற்கலாம் என்று மேனாட்டாருக்குக் கற்பித்தவர் ஓர் ஆசியர். ஜப்பானியரான தகமினே ஜோகிச்சி என்பவரே அவர். தம் நாட்டில் வழிவழியாக அரிசியிற் பூஞ்சணம் வளர்த்து மது வடித்து வந்த முறையை அவர் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கே அரிசிக்குப் பதிலாக எதில் வளர்த்தார் தெரியுமா? கோதுமைத் தவிட்டில்! 1894-இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். ‘தகா டயஸ்ரேசு’ என்னும் பெயரில் அஃது அசீரண மருந்தாக உலகெங்கும் விற்பனையாயிற்று.

கோதுமைத் தவிடு என்றவுடன் எமது ஊர் வாசகர்களுக்குச் சீனக்குடா நினைவுக்கு வந்திருக்கும். துறைமுகக் கரையில் வானளாவி நிற்கும் பிறிமா மாவாலையில், கப்பலில் வந்திறங்கும் கோதுமை மாவாகிறது. கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு தவிடு. அத்தவிடு மூட்டை மூட்டையாக மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகப் போகிறது. தகமினே கண்டிருந்தால் அதன்மேல் ஆசை கொண்டிருப்பார்.

குலுக்கினால் நேரும் குழப்பம்

தவிட்டில் வளர்ப்பது பழைய முறை. பெருந் தொழிற்சாலைகளிற் பெரிய உருக்குத் தொட்டிகளில் ஊட்டக் கரைசலை நிரப்பி, அதிற் பூஞ்சணத்தை வளர்த்து, காற்றை ஊதிக் கலக்கிக்கொண்டேயிருப்பர். இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. பூஞ்சணத்தின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கரைசலைக் கூழாக்கிவிடும். கலக்கும் துடுப்பைச் சுற்றிக்கொள்ளும். சில வேளைகளிற் பட்டாணி அளவான உருண்டைகளாகத் திரளும். உருண்டைக்குள்ளே ஒட்சிசன் ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னத்துக்கு அப்பாற் செல்லாது. ஆகவே நடுவிலுள்ள கலங்கள் மூச்சின்றி வாடும். வேகமாகக் கலக்கினால் இழைகள் அறுந்துபோகும். மெதுவாகக் கலக்கினாற் காற்றுப் போதாது.

மரத்தை உளுத்துப்போகச் செய்யும் வெண்மக்கற் பூஞ்சணம் ஒன்று உண்டு. மரத்துக்கு உறுதி தரும் இலிக்னினைச் சிதைக்கவல்ல அரிய நொதியம் ஒன்றை அது சுரக்கின்றது என்று 1983-இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். சாயத் தொழிற்சாலைக் கழிவு நீரின் நிறத்தைப் போக்கவும் அத்தகைய நொதியங்கள் உதவும். ஆனால் அந்தப் பூஞ்சணமோ சிறு குழந்தையைப் போன்றது. பலமாகக் குலுக்கினால் நொதியம் தர மறுத்துவிடும். நுரைப்பஞ்சு போன்ற ஒன்றில் அதனைப் பற்றிப் படரவிட்ட பின்னரே ஓரளவு இணங்கி வந்தது.

ஒரு தடவை நொதியம் எடுத்தபின், வளர்ந்த பூஞ்சணம் முழுவதையும் வடித்துக் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வளர்க்க வேண்டியிருப்பது மற்றோர் இழப்பு. பாலைக் கறந்தபின் பசுவையும் விற்றுவிட்டு, நாளைக்கு வேறொரு கன்று வாங்கி வளர்ப்பவரை என்னவென்போம்?

ஆதலின், கலங்களை ஓரிடத்தில் இருத்தி வைத்து, அவற்றின்மேல் ஊட்டக் கரைசலை ஓடவிட்டு, நொதியத்தை மட்டும் வடித்தெடுக்க முயன்றனர். இதனையே கலங்களை அசைவறுத்தல் என்பர். பூஞ்சணம் தன் நொதியங்கள் பலவற்றை வெளியே சுரப்பதனால் இம்முறை அதற்கு நன்கு பொருந்துகிறது. கலம் வீட்டினுள் இருக்கும். சரக்கு வாசலுக்கு வந்து சேரும்.

பழைய வழக்கமே

இஃது ஒன்றும் முற்றிலும் புதிய எண்ணமன்று. 1823-ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிற் சூட்சன்பாக் என்பவர், பீச்சு மரச் சீவல்களை நிரப்பிய தொட்டியில் மதுவை மேலிருந்து சொட்டவிட்டு விரைவில் வினாகிரி செய்தார். நுண்ணுயிர்கள் சீவல்களிற் குடியிருந்தன, மது இறங்கியது, வினாகிரி வெளிவந்தது.

வீட்டின் தன்மை எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியவர்கள் ஜப்பானின் தனபே மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த இச்சிரோ சிபாத்தாவும் அவர்தம் குழுவினரும். 1973-இல் அவர்கள் பற்றீரியாக் கலங்களைச் செயற்கைக் களியொன்றிற் பதித்து, அஸ்பார்ற்றிக் அமிலம் என்னும் பொருளைத் தொழிற்சாலை அளவில் உற்பத்தி செய்தனர். கலங்களின் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ 120 நாள்கள் எடுத்தன. 1978-இற் செயற்கைக் களியைக் கைவிட்டு, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் கராகீனன் என்னும் களியில் அதே இனக் கலங்களை வைத்தனர். அக்களியை வேறிரு சேர்மங்களால் இறுக்கினர். இப்போது அவை ஏறத்தாழ 680 நாள்கள் தாக்குப்பிடித்தன! கலங்கள் மாறவில்லை. வீடுதான் மாறியது. கடல் தந்த இயற்கைப் பொருளும் மனிதன் சேர்த்த செயற்கைப் பொருளும் இணைந்த வீடு அது.

எமது வகுப்பறையில் ஒரு தோல்வி

இவற்றையெல்லாம் நூலிற் படித்துச் சொன்னால் மாணவர் கொட்டாவி விடுவர் என்றெண்ணி, ஒருநாள் ஆய்வுகூடத்திற் செய்து காட்ட முற்பட்டோம். பாணுக்கு இடும் மதுவமும் பூஞ்சணக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதனைச் சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலிற் கலந்து, கல்சியம் குளோரைட்டுக் கரைசலிலே துளித்துளியாக விட்டால், ஒவ்வொரு துளியும் சவ்வரிசிபோல் உருண்டு இறுகும். உருண்டைக்குள்ளே மதுவம் சிறைப்பட்டிருக்கும். அல்ஜினேற்று என்பது பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து பெறப்படுவது. 1881-இல் ஸ்கொத்லாந்தில் ஸ்ரான்போட் என்பார் இதனைக் கண்டுபிடித்தார். நம் அயலிலுள்ள தமிழ்நாட்டில், மதுரைப் பகுதியில், கடற்பாசியிலிருந்து இதனைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் இயங்கிவந்துள்ளன.

நாம் கிணற்று நீரில் அல்ஜினேற்றைக் கரைத்தோம். சில நிமிடங்களில் அது கட்டிகட்டியாகத் திரண்டுவிட்டது. “சேர், இது கஞ்சி பொங்கினமாதிரி இருக்கே?” என்றான் முன்வரிசை மாணவன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் நாணத்தோடு சிரித்தோம். பிறகுதான் காரணம் விளங்கிற்று. எமது கிணற்று நீர் வன்னீர். அதிலே கல்சியம் ஏற்கெனவே இருந்தது. துளி விடுமுன்னரே பாத்திரத்துக்குள் களி இறுகத் தொடங்கிவிட்டது.

மறுநாள் கப்பல்துறையிலிருந்து வரும் ஒரு மாணவன் போத்தலொன்றிற் கூரை மழைநீரைப் பிடித்து வந்தான். மழைநீர் மென்னீராதலால் இம்முறை உருண்டைகள் முத்துப்போல் அமைந்தன. சர்க்கரைக் கரைசலில் இட்டதும் குமிழிகள் கிளம்பின. கரைசலை வடித்துவிட்டுப் புதிய கரைசலை ஊற்றினோம்; அதே உருண்டைகள் மறுபடியும் வேலை செய்தன. ஆனால் நான்காம் நாள் உருண்டைகள் பல வாயு நிறைந்து மிதந்தன. சில வெடித்து மதுவத்தை வெளியே கொட்டிவிட்டன. மற்றவை தொட்டால் நசியும் நிலையை அடைந்தன.

இந்தக் குறைதான் உலகெங்குமுள்ள ஆய்வாளரை வருத்திய குறை. அல்ஜினேற்று உயிருக்கு இதமானது, ஆனால் உறுதியற்றது. உள்ளே பூஞ்சண இழைகள் வளரும்போது அது பிளந்துபோகும். ஊட்டக் கரைசலிற் பொசுபேற்று மிகுந்தால், அது கல்சியத்தைக் கவர்ந்துகொள்ள, களி கரைந்துபோகும். மறுபுறத்தில், சிலிக்கா போன்ற கனிப்பொருள் உறுதியானது. ஆனால் அதனைச் செய்யும் சில முறைகளில் உண்டாகும் அற்ககோல் உயிர்க்கலங்களைக் கொன்றுவிடும். மண் வீடு குளிர்ச்சி; மழையிற் கரையும். கல் வீடு உறுதி; கட்டும்போதே குடியிருப்பவரை வருத்தும்.

கலப்புப் பொருளின் சிறப்பு

இரண்டையும் சேர்த்தால் என்ன? இக்கேள்வியின் விடைதான் கலப்புப் பொருள்கள். முதலிற் கலங்களை மென்மையான அல்ஜினேற்றினுள் வைத்துக் காத்து, அதன் பின்னர் மேலே மெல்லிய சிலிக்காப் போர்வையைப் படியவைக்கின்றனர். பசைகளிற் பயன்படும் பொலிவைனைல் அற்ககோலை அல்ஜினேற்றுடன் கலந்து, உறையவைத்தும் உருகவைத்தும் இறப்பர்போல் இழுபடும் களியாக்குகின்றனர்.

மற்றொரு வழி எமது வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. முற்றி உலர்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டை முதுகு தேய்க்கப் பயன்படுத்துகிறோம் அல்லவா? அக்கூட்டில் எண்ணற்ற துளைகள் உண்டு, நீரும் காற்றும் தடையின்றிச் செல்லும், எளிதில் உக்காது. 1990-களிலேயே அதனைக் கலங்களுக்கு இருக்கையாக்க முயன்றனர். 2007-இல் தாய்லாந்து ஆய்வாளர் பீர்க்கங்கூட்டையும் அல்ஜினேற்றையும் இணைத்து மதுவத்தை அதிற் குடியேற்றி, தனி அல்ஜினேற்றினும் அது வலியது எனக் காட்டினர். நார் எலும்பாயிற்று, களி தசையாயிற்று.

இவற்றிற் குறையே இல்லையென்று கூற வரவில்லை. களி தடித்துவிட்டால் ஒட்சிசன் உட்புகாது. துளைகள் மிகச் சிறியனவாயின் நொதியமே வெளிவர இயலாது உள்ளே தங்கிவிடும். ஏனெனில் நொதியம் பெரிய மூலக்கூறு. சில பூஞ்சணங்கள் கட்டிவைத்தாற் குறைவாகவே சுரக்கும். எந்தப் பூஞ்சணத்துக்கு எந்த வீடு என்பதைப் பொறுமையோடு ஒவ்வொன்றாகப் பரீட்சித்தே அறிய வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் உமி

அத்தகைய பொறுமை எமது நாட்டிலும் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிரிரசாயனத் துறையிலே பேராசிரியர் பாலசுப்பிரமணியமும் பேராசிரியர் வசந்தி அரசரத்தினமும் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 1990 முதற் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்கு நாட்டின் மின்வலையமைப்பிலிருந்து மின்சாரம் வராதிருந்ததை மறப்பவர் யார்? நொதியத்தை ஆராய்பவருக்குக் குளிரூட்டி வேண்டும், குலுக்கி வேண்டும். அந்தக் காலத்தில், 1997-இல், அத்துறையினர் அஸ்பர்ஜில்லஸ் நைஜரை நெல் உமியின்மேற் படரவிட்டுக் குளுக்கோஅமைலேசைப் பெற்ற ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று.

உமி அங்கே பூஞ்சணத்துக்கு உணவன்று, இருக்கை. உமி நசியாது, ஒன்றோடொன்று ஒட்டாது, இடையிற் காற்றோட உதவும். வெங்காயத்தைக் கெடுக்கும் பூஞ்சணமும் எவரும் பொருட்படுத்தாத உமியும் சேர்ந்து விலைபெறும் நொதியத்தைத் தந்தன. திருமதி அரசரத்தினம் பின்னர் 2011-இல் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றார். அறிவியல் படிக்கும் எமது பெண்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

கப்பல்துறையிலிருந்து ஒரு கேள்வி

மழைநீர் கொண்டுவந்த மாணவனின் வீட்டுக்குச் சில வாரங்களின் பின் சென்றிருந்தோம். முற்றத்தில் இரண்டு பசுக்கள். தொட்டியில் ஊறவைத்த கோதுமைத் தவிடு. வேலியோரத்தில் உமி மூட்டை. “அம்மம்மா இன்னமும் உமிக்கரியாலைதான் சேர் பல் விளக்கிறவ” என்று கூறிச் சிரித்தான். உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாகும். நன்றாக எரித்த அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவே. அதனைக் காரத்திற் கரைத்து அமிலத்தால் நடுநிலையாக்கினாற் சிலிக்காக் களி கிடைக்கும் என்று சொன்னோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான்.

பிறகு கேட்டான்: “சேர், இதைப் படிச்சால் இஞ்சையே இருந்து வேலை செய்யலாமோ? அண்ணாவும் கட்டாருக்குப் போட்டார். நானும் போனால் அம்மா தனிச்சுப் போவா.”

நாம் உடனே விடை கூறவில்லை. ‘செய்யலாம்’ என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். ‘முடியாது’ என்று சொல்லவும் நா எழவில்லை. தவிடு சீனக்குடாவில் இருக்கிறது. உமி கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் உள்ள நெல்லாலைகளிற் குவிகிறது. தும்பும் பீர்க்கங்காயும் எந்த ஊரில் இல்லை? பழுப்புக் கடற்பாசியை அலைகள் கரையில் ஒதுக்குகின்றன. பண்டைக்காலந்தொட்டு உலகக் கப்பல்கள் தேடிவந்த துறைமுகம் வாசலில் இருக்கிறது. குறைவது பொருளன்று. இவற்றையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்து, பிழைத்துப் பிழைத்து, பொறுமையோடு செய்துபார்க்க ஒரு சிறு கூடமும் சில ஆண்டுகள் அதற்கு ஆதரவுமே குறைவு. அவற்றைத் தருவது ஓர் ஆசிரியரால் மட்டும் இயலாது; உள்ளூர்ச் சங்கங்களும், வணிகரும், பல்கலைக்கழகமும், வெளிநாடு சென்று பொருளீட்டிய எம்மவரும் கைகோத்தால் இயலும்.

“தம்பி, நீ படி. வேலை இருக்கிறதோ என்று கேட்கிறாய், அந்த வேலையை உண்டாக்கப் படித்தவன் ஒருவன் முதலில் வேண்டும்” என்று மட்டுமே கூறினோம். அது போதிய விடையன்று என்பதை நாம் அறிவோம். அவனும் அறிவான்.

ஆயினும், மறுவாரம் அவன் ஆய்வுகூடத்துக்கு வந்தபோது, கையில் உலர்ந்த பீர்க்கங்கூடு ஒன்றைக் கழுவி வெயிலிற் காயவைத்துச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொண்டுவந்திருந்தான். மதுவம் கலந்த அல்ஜினேற்றில் அவற்றைத் தோய்த்துக் கல்சியக் கரைசலில் இட்டோம். நான்காம் நாள் பார்த்தோம், களி பிளக்கவில்லை. ஏழாம் நாளும் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

இருக்க இடம் அமைந்தால் பூஞ்சணமும் ஊருக்கு உழைக்கும். எமது பிள்ளைகள் உழைக்காமலா போய்விடுவர்? அவர்களுக்கு ஊரிலேயே ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது பெரியோராகிய நமது கடனன்றோ!